புதுச்சேரியில் ஸ்கேட்போர்டும் பிஎம்எக்ஸும் ஒரே இடத்தில்: மோதாமல் ஓட்ட, அனுமதி வாங்க ஒரு வழிகாட்டி

புதிதாக ஸ்கேட்போர்டு வாங்கியிருப்பீர்கள், அல்லது யாரோ விற்ற பழைய பிஎம்எக்ஸ், அதாவது வித்தை காட்டும் சின்னச் சக்கர சைக்கிள், கைக்கு வந்திருக்கும். அடுத்த கேள்வி, எங்கே ஓட்டுவது? வழவழப்பான தரையும் நல்ல திண்டும் சேர்ந்து அமையும் இடங்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அங்கே உங்களுக்கு முன்பே இரண்டு கூட்டம் இருக்கும். நான் போர்டு பக்கம். எங்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ரொம்ப நாள் முறைப்பு. ஒருநாள் வாட்ச்மேன் இரு தரப்பையும் சேர்த்தே வெளியே அனுப்பிவிட்டு கேட்டைப் பூட்டினார். அவர் கண்ணுக்கு எல்லாரும் 'சக்கரம் ஓட்டுற பசங்க'தான். அதன் பிறகு ஒன்றாக உட்கார்ந்து பேசி, ஒன்றாக மனு எழுதி, அலுவலகம் அலுவலகமாக அலைந்து காலை நேரத்துக்கு ஒரு மூலையில் ஓட்ட அனுமதி வாங்கினோம். அந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. அது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

1. இடம் யாருடையது என்று பாருங்கள்

மனு எழுதும் முன் தெரிய வேண்டியது இதுதான். புதுச்சேரி நகரப் பகுதி புதுச்சேரி நகராட்சியைச் சேர்ந்தது. லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கம் போனால் உழவர்கரை நகராட்சி. வடக்கே கொஞ்ச தூரத்தில் கோட்டக்குப்பம் வந்துவிடும். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். போலீஸ் வேறு, அலுவலகம் வேறு. கடலூர் 2021-இல் மாநகராட்சியானது, அதனால் நகருக்குள் என்றால் மாநகராட்சி ஆணையர். இது போக, நகராட்சி எல்லைக்குள் இருந்தாலும் பொதுப்பணித்துறையோ விளையாட்டுத் துறையோ சுற்றுலாத் துறையோ கையில் வைத்திருக்கும் இடங்கள் உண்டு.

வாட்ச்மேனிடம் நேராக "இது யார் இடம்?" என்று கேட்டால் சந்தேகப்படுவார். "இந்த லைட்டு எரியலைன்னா யாருக்குண்ணா போன் பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். சரியான அலுவலகத்தின் பெயர் வந்துவிடும். அப்படியும் தெளிவு வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு.

சில இடங்களைத் தொடவே வேண்டாம். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம், காந்தி சிலை மேடை, ஒயிட் டவுனில் பழைய கட்டடங்களின் படிகள், கோயில், சர்ச், ஆசிரமம் சார்ந்த கட்டடங்கள். படிக்கட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பொதுச் சொத்துக்குச் சேதம் என்று வந்தால் 1984-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. கடலூர்ப் பக்கம் 1992-இன் தமிழ்நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஒரு கல் உடைந்த புகைப்படம் போதும், நல்லபடி ஓட்டுகிற எல்லாருக்கும் சேர்த்துக் கதவு அடைபடும்.

2. மோதல் எதனால் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாதிச் சண்டைக்குக் காரணம் சக்கரத்தின் அளவு. தெருவில் ஓட்டும் போர்டின் சக்கரம் பெரும்பாலும் 50 முதல் 54 மில்லிமீட்டர் விட்டம், கெட்டியானது. கடலை அளவு ஒரு கல் சிக்கினால் போர்டு நின்றுவிடும், ஆள் பறந்துவிடுவார். அதனால் போர்டுக்காரர் தரையைப் பெருக்குவார், பத்துப் பதினைந்து அடி ஓடுவார், விழுவார், அதே இடத்துக்குத் திரும்பி வந்து அதே வித்தையைத் திரும்பத் திரும்ப முயல்வார். பிஎம்எக்ஸ் சக்கரம் 20 அங்குலம், காற்றடைத்தது, சின்னக் கல்லை மதிக்காது. ஆனால் வேகம் பிடிக்க நீளமான ஓட்டம் வேண்டும், திரும்பப் பெரிய வட்டம் வேண்டும். சைக்கிள் சுற்றி வருவதற்குள் போர்டுக்காரர் விழுந்து, அந்த வழியிலேயே உட்கார்ந்து முழங்கையைத் தடவிக்கொண்டிருப்பார். அவருக்கு 'சைக்கிள்காரன் மேலே ஏத்த வர்றான்' என்று தோன்றும். சைக்கிள்காரருக்கு 'இவன் எப்பவும் நடுவுலயே உட்கார்ந்திருக்கான்' என்று தோன்றும். இரண்டுமே பொய் இல்லை.

அடுத்தது முதுகு. இடது காலை முன்னால் வைத்து ஓட்டுபவரின் முகம் வலப் பக்கம் பார்த்திருக்கும், இடப் பக்கம் முழுக்க முதுகு. வலது காலை முன்னால் வைப்பவருக்கு நேர் எதிர். சைக்கிள் ஓட்டுபவர் இதைக் கவனித்து, முகம் இருக்கும் பக்கமாகவே தாண்ட வேண்டும். போர்டின் கடகட சத்தத்தில் பின்னால் வரும் சைக்கிள் காதில் விழாது. இயர்போன் வேறு மாட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். பிஎம்எக்ஸ் ஓட்டுபவர்களில் பலர் பிரேக்கே வைப்பதில்லை என்பதையும் போர்டுக்காரர்கள் மனதில் வையுங்கள். 'கடைசி நிமிஷத்துல நிறுத்திடுவான்' என்ற கணக்கு தப்பும்.

மூன்றாவது, விளிம்பு. போர்டு வழுக்கிச் செல்ல நாங்கள் திண்டின் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்போம். சைக்கிளின் அச்சில் மாட்டும் பெக் என்ற குழாய் இரும்பாக இருந்தால் அதே ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். எங்கள் பழைய இடத்துத் திண்டில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தால் முதல் மூன்றடி கறுப்பு மெழுகும் அதில் ஒட்டிய மணலும். அதற்குப் பிறகு பல் உடைந்த சீப்பு மாதிரி சில்லுச் சில்லாகப் பெயர்ந்த சிமென்ட். கறுப்பு நாங்கள் செய்தது, சில்லு அவர்கள் செய்தது. வாட்ச்மேன் பார்த்ததோ பாழான ஒரே திண்டு.

3. முதல் நாள் நடந்துகொள்ளும் விதம்

போனவுடன் ஓட்ட ஆரம்பிக்காதீர்கள். பத்து நிமிடம் ஓரமாக நின்று யார் எங்கிருந்து கிளம்பி எங்கே முடிக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பாதையைத்தான் லைன் என்பார்கள். மூத்தவராகத் தெரிபவரிடம் "அண்ணா, புதுசா வந்திருக்கேன், லைன் எப்படிப் போகுது?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பிரச்சினை அங்கேயே தீரும். வயதில் சின்னவராக இருந்தாலும் அந்த இடத்தில் நாள்பட்டவர் என்றால் அவரிடமே கேளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

திண்டின் மேல் உட்காராதீர்கள். பை, தண்ணீர் பாட்டில், செல்போன் ஸ்டாண்டு எதையும் அதன் அருகில் வைக்காதீர்கள். ஒருவர் கிளம்பினால் அவர் முடிக்கும் வரை இடையில் புகாதீர்கள். போர்டு காலிலிருந்து நழுவி ஓடினால் உடனே "போர்டு!" என்று கத்துங்கள். பதினோரு கிலோ சைக்கிளின் முன்சக்கரத்தில் தறிகெட்ட போர்டு சிக்கினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

4. விளிம்புக்கு ஓர் ஒப்பந்தம்

வாய்ப் பேச்சு போதும், ஆனால் எல்லார் முன்னாலும் பேசுங்கள். எங்களுக்கு ஒத்துவந்தது இது: பொது இடத்துத் திண்டில் மெழுகு ஒரு முனையில் மட்டும், அதுவும் கொஞ்சமாக. இரும்புப் பெக் கிடையாது, பிளாஸ்டிக் உறை போட்ட பெக் மட்டும். வெளிநாடுகளில் பல ஸ்கேட்பார்க்குகளிலும் இதே விதி உண்டு. பிளாஸ்டிக் பெக் நன்றாக வழுக்கும் என்பதால் சைக்கிள்காரர்களுக்கும் நஷ்டம் இல்லை. இரும்பு உரசும் அந்தச் சத்தம் வராது என்று சிலர் வருத்தப்படுவார்கள், அது வேறு.

இதைவிட நல்ல தீர்வு, சொந்தமாக ஒரு பெட்டி செய்துகொள்வது. எட்டடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றேகாலடி உயரம். 8-க்கு 4 பிளைவுட் ஷீட் இரண்டு, உள்ளே சட்டத்துக்கு மரம், இரு ஓரங்களுக்கும் ஒன்றரை அங்குல ஆங்கிள் இரும்பு மொத்தம் 16 அடி. வெல்டிங் பட்டறையில் ஆங்கிளில் ஓட்டை போட்டு வாங்கி, திருகின் தலை வெளியே நீட்டாதபடி குடைந்து இறக்குங்கள். நீட்டிய திருகில் போர்டின் அடியில் சக்கரத்தைத் தாங்கும் ட்ரக் மாட்டினால் முகம்தான் தரையில் போகும். எங்களுக்கு ஏழாயிரத்தை ஒட்டி ஆனது. இரண்டு கூட்டமும் பிரித்துக்கொண்டால் தலைக்குப் பெரிய தொகை இல்லை. இரும்பு விளிம்பில் இரும்புப் பெக்கும் போகலாம், மெழுகும் போடலாம், யாருக்கும் புகார் இல்லை. நம் ஊர் உப்புக் காற்றுக்கு ஆங்கிள் சீக்கிரம் துருவேறும். உரசும் ஓரத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் ரெட் ஆக்சைடு அடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் பெட்டியை எங்கே வைப்பது என்று செய்யும் முன்பே முடிவு செய்யுங்கள். நனைந்த பிளைவுட் ஒரே பருவத்தில் உப்பிவிடும்.

5. நேரம்

கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை மோட்டார் வாகனம் கிடையாது. புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டு 'காலி ரோடு' என்று குதிப்பார்கள். அந்த நேரம் நடப்பவர்களுக்கானது. குழந்தைகள், பெரியவர்கள், வெளியூர்க் கூட்டம். அங்கே வித்தை காட்டுவது நம் எல்லாருக்கும் கெட்ட பெயர் வாங்கித் தரும். மெதுவாகக் கடந்து போவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு விடிந்ததும் வரும் இரண்டு மணி நேரம்தான் நல்லது. சித்திரை, வைகாசியில் எட்டரைக்கு மேல் கல்லில் கை வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை நின்றாலும் தரையில் மணல் படிந்திருக்கும், துடைப்பம் எடுத்துப் போங்கள். வீடுகளை ஒட்டிய இடமென்றால் விடியற்காலையில் போர்டு வேண்டாம். சைக்கிள் சத்தமில்லாமல் போகும். போர்டின் சத்தம் மூன்று வீடு தள்ளித் தூங்குபவரை எழுப்பும், புகார் போவது இரண்டு பேர் மேலும்.

ஜனவரி 26, ஜூலை 14, ஆகஸ்ட் 15, நவம்பர் 1, டிசம்பர் 31 ஆகிய விழா நாட்களில் கடற்கரைப் பக்கம் போகவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி முழுக்கச் சந்தை. மாசி மகத்தன்று புதுச்சேரியில் வைத்திக்குப்பம், கடலூரில் தேவனாம்பட்டினம் இரண்டும் நிரம்பி வழியும். கடலூரில் தை 5 ஆற்றுத் திருவிழா நாளையும் கணக்கில் வையுங்கள்.

'திங்கள் போர்டு, செவ்வாய் சைக்கிள்' என்று நாள் பிரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காகிதத்தில் நன்றாக இருக்கும். "அஞ்சே நிமிஷம் மச்சி" என்று ஒருவர் தப்பான நாளில் வந்தவுடன் பழைய பகை திரும்பிவிடும். ஆள் குறைவாக இருந்தால் முறை வைத்துக் கலந்து ஓட்டுங்கள். எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை திண்டைக் கைமாற்றுங்கள். ஓய்வில் இருக்கும் தரப்பு தரையைப் பெருக்கலாம்.

6. மனு: என்ன எழுதுவது, எதை இணைப்பது

இரு தரப்பும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். தனித்தனியாகப் போனால் "முதல்ல அவங்ககூடப் பேசி முடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள், அதுவே ஒரு மாதம். லண்டன் சவுத்பேங்கில் கலையரங்கம் ஒன்றின் அடியில் பல காலமாக ஓட்டிவந்த இடத்தைக் கடைகளுக்கு எடுக்கப் பார்த்தபோது, 2013-இல் ஸ்கேட்டர்களும் பிஎம்எக்ஸ் ஓட்டுபவர்களும் சுவரில் படம் வரைபவர்களும் ஒன்றாக நின்றார்கள். 2014-இல் இடம் தப்பியது. அங்கேயும் அவர்களுக்குள் உரசல் இல்லாமலா இருந்திருக்கும்?

ஸ்கேட்பார்க் கட்டித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அப்படி எழுதினால் கோப்பு நிதி, டெண்டர் என்று மேலே போய் மேலேயே இருந்துவிடும். 'இந்த மூலை, இந்த நேரம், இத்தனை பேர்' என்று மட்டும் கேளுங்கள். அதைக் கீழ்நிலை அதிகாரியே முடிவு செய்யலாம்.

இணைக்க வேண்டியவை:

- இடத்தின் கையால் வரைந்த வரைபடம். நடைபாதை, கேட், நீங்கள் கேட்கும் மூலை ஆகியவற்றைக் குறித்திருங்கள்.
- திண்டு, தரை, படி இப்போது எப்படி இருக்கின்றன என்று தேதியோடு எடுத்த புகைப்படங்கள். பின்னால் 'நீங்கள்தான் உடைத்தீர்கள்' என்ற பேச்சு வந்தால் இதுதான் காப்பாற்றும். கட்டாயம் எடுங்கள்.
- பொறுப்பேற்கும் பெரியவர்கள் இருவர் அல்லது மூவரின் ஆதார் நகல். முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அது போதும்.
- 18 வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொருவருக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல்.
- உறுதிமொழி: ஹெல்மெட் அணிவோம், சேதமானால் சரிசெய்வோம், அடிபட்டால் துறை பொறுப்பல்ல.
- போர்டு, பிஎம்எக்ஸ் இரண்டின் படம்.

கடைசியில் சொன்னதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். 'ஸ்கேட்டிங்' என்று எழுதினால் அதிகாரி மனதில் வருவது ஷூவில் சக்கரம் கட்டிய பிள்ளைகள். "ரிங்க் இருக்கே, அங்க போங்க" என்பார். பிஎம்எக்ஸுக்கு "சைக்கிள்தானே தம்பி, ரோட்ல ஓட்டுங்க" என்பார். படம் இருந்தால் இந்தப் பேச்சு அரை நிமிடத்தில் முடியும். எந்த விளையாட்டுச் சங்கம் என்று கேட்டால் தேசிய அளவில் ஸ்கேட்போர்டு இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் கீழும், பிஎம்எக்ஸ் இந்திய சைக்கிள் கூட்டமைப்பின் கீழும் வருகின்றன. ஸ்கேட்போர்டும் பிஎம்எக்ஸ் ஃப்ரீஸ்டைலும் டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டவை என்று ஒரு வரி எழுதுங்கள். 'தெருப் பசங்க விளையாட்டு' என்ற முகச்சுளிப்பு கொஞ்சம் குறையும்.

மனுவை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரையும் எண்ணும் வாங்குங்கள். நேராக அதிகாரி மேசையில் வைத்துவிட்டு வந்தால் அந்தத் தாள் பதிவேட்டில் ஏறாது. எங்களை ஓர் அலுவலகத்தில் "அப்படி ஒரு மனுவே வரலையே" என்று அனுப்பினார்கள்; முத்திரை வைத்த பிரதியைக் காட்டிய பிறகுதான் அலமாரி திறந்தது. அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் போன்ற இடமென்றால் நகராட்சியை விட்டுவிட்டு விளையாட்டுத் துறையிடம் போங்கள். கடலூரில் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு மாவட்ட விளையாட்டு அலுவலர். அங்கே இன்னொரு வசதியும் உண்டு: ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும், எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பதை அவர்களே பார்த்து அனுப்புவார்கள். மஞ்சக்குப்பம் மைதானம் கேட்பவர்கள், கூட்டமும் கண்காட்சியும் அடிக்கடி நடக்கும் இடம் அது என்று நினைவில் வைத்து, 'நிகழ்ச்சி இல்லாத நாட்களில்' என்று எழுதுங்கள்.

மார்ச் மாதமும் தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் காலமும் வேண்டாம். யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். மற்ற நேரத்தில் கொடுத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மனு எண்ணைச் சொல்லிப் பணிவாக விசாரியுங்கள். சங்கமாகப் பதிவு செய்யச் சொல்லி அவர்களே கேட்டால் மட்டும் செய்யுங்கள். அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும், புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் சட்டம் வேறு வேறு.

7. செலவு

மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரிண்ட், ஜெராக்ஸ், படம் எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடியும். "நான் முடிச்சுத் தர்றேன்" என்று அலுவலக வாசலில் ஒருவர் வருவார். வேண்டாம்.

பொருள் வாங்கும்போது: விளையாட்டுச் சாமான் கடையில் ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறுக்குத் தொங்கும் போர்டு பொம்மை, முதல் குதியிலேயே ட்ரக் போய்விடும். பிஎம்எக்ஸ் மாதிரித் தோற்றமுள்ள சிறுவர் சைக்கிளில் பெக் மாட்டாதீர்கள், அச்சு வளைந்துவிடும். பின் அச்சு 14 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஹெல்மெட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வங்கிக் கணக்கு உள்ள 18 வயது நிரம்பியவர்கள் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய்க்குச் சேரலாம். அது விபத்தால் வரும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். கை முறிந்தால் கட்டுப்போடும் செலவு உங்களுடையதே.

8. வாக்குவாதமும் அடியும்

யார் பொருள் உடைந்தால் யார் கொடுப்பது என்பதை முன்பே பேசி வையுங்கள். நழுவிய போர்டு மேல் சைக்கிள் ஏறினால் அவரவர் நஷ்டம் அவரவருக்கு என்பது எங்கள் ஏற்பாடு. வேண்டுமென்றே இடையில் புகுந்தால் புகுந்தவர் தர வேண்டும். சண்டை முற்றினால் இரு தரப்பிலும் மூத்தவர் ஒருவர் மட்டும் பேசட்டும், மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே போய் டீ குடிக்கட்டும். வீடியோ எடுத்துப் போடுவது வேண்டாம். அதை முதலில் பார்ப்பது அனுமதி கொடுத்த அதிகாரியாக இருக்கும்.

அடிபட்டால் 108. மணிக்கட்டில் வீக்கம் இறங்காவிட்டால் எண்ணெய் தேய்த்துப் பார்க்காமல் எக்ஸ்ரே எடுங்கள், போர்டில் விழுபவர்களுக்கு முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் அதில் காலக்கெடு இருக்கிறதா என்று பாருங்கள், முடிய ஒரு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க எழுதுங்கள். லேமினேட் செய்த நகல் ஒன்று போர்டுக்காரர் பையில், ஒன்று சைக்கிள்காரர் பையில் இருக்கட்டும். வாட்ச்மேன் மாறினால் அன்றே புதியவரிடம் காட்டுங்கள். பழையவர் சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று நம்பாதீர்கள்.